கூடையில் நாலு போன்

காலை 11:07

நீலக் கோப்பில் பன்னிரண்டு தாள்கள் இருக்க வேண்டும். பதினொன்றுதான் இருந்தன.

எத்தெல்வினா விரலில் எச்சில் தொட்டு மறுபடி எண்ணினாள். பதினொன்று. கோப்பைக் கவிழ்த்து உதறினாள். ஒரு குண்டூசி விழுந்தது. பத்தொன்பது வருடமாக நாடாளுமன்றக் குழுச் செயலாளர். தாள் எண்ணுவதில் தலைநகர் டிலியில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவளே சொல்லிக்கொள்வாள். யாரும் கேட்காமலே சொல்வாள்.

தொலைந்தது கடைசித் தாள். மற்ற பதினொன்றும் போயிருந்தால்கூட நகல் உண்டு. இந்த ஒன்றுக்கு நகல் கிடையாது. சாட்சியின் பெயரும் கைநாட்டும் இதில் மட்டும்தான் இருந்தன.

தலைவி நத்தேர்சியாவின் காதருகே குனிந்தாள். "அம்மா, கைநாட்டுத் தாளைக் காணோம்."

தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ கெட்ட நேரம் என்பது அந்தக் கட்டடத்தில் காவலாளி வரைக்கும் தெரியும்.

"கதவைத் திறக்காதே," என்றாள். "யாரும் எழுந்திருக்க வேண்டாம். அமர்வு இன்னும் முடியல."

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திவைத்து, எச் குழுவைப் பற்றி இரண்டு வார்த்தை.

பெரிய சபையில் நடப்பது பேச்சு. அங்கே டிவிக்காரர்கள் வருவார்கள், உறுப்பினர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு மேஜையைத் தட்டுவார்கள். வேலை என்று ஏதாவது நடந்தால் அது குழு அறைகளில்தான் நடக்கும். நடக்காமல் போவதும் அங்கேதான். ஏ முதல் ஜி வரை ஏழு குழுக்களுக்கும் கடல் தெரிகிற அறைகள். கடைசியாகப் பிறந்த எச் குழுவுக்குக் கழிவறைக்குப் பக்கத்து அறை. ஆளும் ஐந்தே பேர்.

அந்த ஐந்து பேர் ஐந்து மாதமாக ஒரே விஷயத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்: பள்ளிக்கூடங்களுக்குப் போகும் மதிய உணவு அரிசி. மூன்று ஊர்களில் பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். பூச்சி விழுந்த பழைய அரிசியைப் புதுச் சாக்கில் கொட்டித் தைத்து அனுப்புகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் குழு முன்னால் வந்து சொல்ல ஆளில்லை. கடைசியில் அந்தக் கிடங்கிலேயே சாக்குத் தைக்கும் ஒருத்தி முன்வந்தாள். மார்த்தினா. புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். கேட்டது ஒன்றே ஒன்று: "என் பேரு வெளிய போகக்கூடாது."

திங்கட்கிழமை தலைவியும் எத்தெல்வினாவும் மட்டும் உட்கார்ந்து அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். வாக்குமூலம் பதினொரு தாள். பன்னிரண்டாவதில் பெயரும் கைநாட்டும். மற்ற நான்கு உறுப்பினர்களுக்கும் பெயரில்லாத நகல்தான். இன்று வியாழன், மூடிய அமர்வில் அதைப் படித்துவிட்டு, அறிக்கையில் சேர்ப்பதா என்று வாக்கெடுக்க வேண்டும். விதி கறாரானது. கைநாட்டிட்ட மூலத்தாள் மேஜையில் இல்லையென்றால் வாக்குமூலம் செல்லாது. அது செல்லாவிட்டால், ஐந்து மாத உழைப்பில் மிஞ்சுவது 'விசாரித்தோம். அரிசி என்பது அரிசிதான்' என்கிற அறிக்கை.

மார்த்தினாவுக்கோ வேலை மட்டும் போகிற விஷயமில்லை. கிடங்கு முதலாளிக்கு ஆட்கள் உண்டு. அவள் குடியிருப்பது நகரின் ஓரத்தில் பெக்கோராவில், ஒரு தகரக் கதவுக்குப் பின்னால்.

11:12

"பத்தே முக்காலுக்கு இருந்துதா?" தலைவி கேட்டாள்.

"இருந்துது. மணி அடிச்சதும் எண்ணிப் பாத்துட்டுத்தான் மூடினேன். பன்னெண்டு."

பெரிய சபையில் வாக்கெடுப்பு என்றால் மணி அடிக்கும். குழுக்கள் எல்லாம் அமர்வை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். தாள்கள் மேஜையிலேயே கிடக்கும். செயலாளர் அறையைப் பூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். அப்படித்தான் நடந்தது. எத்தெல்வினா ஒரு பார்வை பார்த்தாள். ஐந்து நாற்காலியும் காலி. 10:47-க்குப் பூட்டினாள். கதவை அடைத்து முக்காலி போட்டு உட்கார்ந்தாள். 11:05-க்கு அவளே திறந்தாள். ஜன்னலுக்குக் கம்பி. சாவி ஒன்றே ஒன்று, அவள் கழுத்துச் சங்கிலியில், மாதா பதக்கத்தோடு சேர்ந்து.

"அப்போ கணக்கு சுலபம்," என்றான் அபீலியோ. சண்டைச் சேவல் வளர்க்கிற உறுப்பினர். சட்டைப்பையில் எப்போதும் கொஞ்சம் சோளம் இருக்கும். "நாங்க அஞ்சு பேரும் சபையில கையைத் தூக்கிட்டு நின்னோம். சாவி இருந்தது உன் கழுத்துல. நான் கோழி வளக்கிறவன், எனக்கே புரியுது."

"வாயை அடக்குங்க," என்றாள் பிரிஜிடா. சபைக்கு மூன்றாவது முறையாக வந்திருப்பவள், ஆறு பேரன் பேத்திகளுக்குப் பாட்டி. "அவ எடுக்கறதா இருந்தா வீட்டுலயே எடுத்திருப்பா. திங்கட்கிழமையிலேருந்து அவகிட்டத்தானே இருக்கு."

பிரிஜிடா நல்ல மனதோடுதான் சொன்னாள். எத்தெல்வினா குனிந்து, விழுந்த குண்டூசியைத் தேட ஆரம்பித்தாள்.

"அது கோப்புலதான் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" தலைவியின் குரல் தாழ்ந்திருந்தது. "பெட்டகத்துலதானே வைக்கச் சொன்னேன், ஓட்டு நேரத்துல மட்டும் எடுத்தா போதும்னு."

"பெட்டகப் பூட்டு இறுகிப்போச்சும்மா. திறக்க மாட்டேங்குது."

"சரி. கோப்புல இருந்தது யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கே இப்பத்தான் தெரியும்," என்றாள் எத்தெல்வினா. "எனக்குத் தெரியும்." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

நிறுத்தியிருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை காலை, முற்றத்துக் காபி வண்டி பக்கத்தில், சபைப் பதிவேட்டுப் பிரிவு ஸுல்மிராவிடம் அவள் என்ன சொன்னாள் என்பதை நாம் கேட்டுவிடலாம். "உனக்குத் தெரியுமா, சாட்சியோட கைநாட்டு என் நீலக் கோப்புக்குள்ளதான் தூங்குது. பெட்டகம் திறக்கல. நாடே என் அக்குள்ல இருக்குது போ." சொல்லும்போது இனிக்கத்தான் செய்தது. ஸுல்மிராவிடம் ஒன்றைச் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று என்று இவளே நாலு பேரிடம் சொன்னவள்.

11:18

உறுப்பினர்களைச் சோதனை போட யாருக்கும் அதிகாரமில்லை. சபாநாயகரே வந்தாலும் சட்டைப்பையில் கை விட முடியாது. அதனால் லெயோபோல்தினோ எழுந்தான். முப்பத்தாறு வயது வக்கீல். பேச்சு சர்க்கரைப் பாகு மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். இந்த அமர்வை மூடிய அமர்வாக நடத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்ததே அவன்தான்.

"அம்மா, யாரும் யாரையும் சோதிக்க வேண்டாம். நாங்களே காட்டுறோம். மானம்னு ஒண்ணு இருக்கில்ல." கோட்டுப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினான். கைக்குட்டை, பேனா, மிட்டாய்.

அபீலியோ சோளத்தைக் கொட்டினான். பிரிஜிடா கைப்பையைக் கவிழ்த்தாள். ஜெபமாலையும் பாதி கடித்த ரொட்டியும் விழுந்தன. கிழவர் எவரிஸ்தோ வெற்றிலைப் பையை விரித்தார். விடுதலைப் போரில் காட்டில் இருபது வருடம் துப்பாக்கியோடு அலைந்தவர். இப்போது எந்த அமர்வானாலும் தூங்கிவிடுவார். அலைந்ததற்கெல்லாம் சேர்த்துத் தூங்குகிறார் என்பார்கள். தலைவியும் தன் பையைக் கவிழ்த்தாள்.

தாள் இல்லை.

எத்தெல்வினா யோசித்தாள். திறந்ததிலிருந்து யாரும் வெளியே போகவில்லை. தாள் யாரிடமும் இல்லை. அப்படியென்றால் அது இந்த அறையை விட்டுப் போகவேயில்லை.

அந்த நினைப்பில் ஒரு நிமிடம் மூச்சு வந்தது. அடுத்த நிமிடம் அதுவும் போயிற்று. எடுத்தவன் படித்திருப்பான். பெயர் இப்போது ஒருவன் மண்டைக்குள் இருக்கிறது. மூடிய அமர்வுக்குள் போன் கிடையாது. எல்லாப் போனும் வாசலில் பிரம்புக் கூடையில் கிடக்கிறது. பன்னிரண்டரைக்கு அமர்வு முடியும். கூடையிலிருந்து ஒரு போன் ஒரு காதுக்குப் போகும். பெக்கோராவில் தகரக் கதவைத் தட்ட அதற்கப்புறம் பத்து நிமிடம் போதும்.

மணி 11:24. பன்னிரண்டரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆறு நிமிடம்.

11:25

தலைவி ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"மணி அடிச்சதும் எங்க போனீங்க?"

"சபைக்கு," என்றான் அபீலியோ.

"யாரோட?"

"எவரிஸ்தோ ஐயாவோட. கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனேன். பக்கத்துலதான் உக்காந்தேன்."

"ஐயா?"

"என்னை எதுக்கும்மா கேக்கறே," என்றார் எவரிஸ்தோ. "நான் தூங்கினது ஊருக்கே தெரியும்."

உண்மைதான். எத்தெல்வினாவே கேட்டாள். பெரிய சபையில் நடப்பதெல்லாம் வராந்தா ஒலிபெருக்கியில் வரும். 'உறுப்பினர் எவரிஸ்தோ அவர்களை யாராவது எழுப்புங்கள்' என்று சபாநாயகர் சொல்ல, சபையே சிரித்தது. அதற்கு முன்னால் தலைவி நத்தேர்சியா ஐந்து நிமிடம் பேசியதும் அதே ஒலிபெருக்கியில் வந்ததுதான்.

"நான் இவங்களுக்குப் பின் வரிசை," என்றாள் பிரிஜிடா. "வெளிய போய்ப் போனைத் திறந்து பாருங்க. ஐயா குறட்டை விடறதைப் படம் பிடிச்சிருக்கேன். பக்கத்துல அபீலியோ மாடு மாதிரி வெத்தல மெல்லுறாரு."

"அதைத்தான் வராந்தாவுல காட்டிச் சிரிச்சுக்கிட்டு வந்தியா?" என்றார் கிழவர்.

"பேரனுங்களுக்கு அனுப்பத்தான் ஐயா."

"லெயோபோல்தினோ?"

"நான் எதிர்வரிசையில அம்மா, எங்க கட்சியோட. எங்க கட்சியில இருபத்தோரு பேர், இருபத்தோரு ஓட்டும் ஆதரவா விழுந்துது. பதிவேட்டைப் பாருங்க. ஒண்ணு குறைஞ்சிருந்தா நான் திருடன்."

பதிவேடு என்றதும் எத்தெல்வினா எழுந்தாள். வராந்தாவில் காவலாளி மேஜைமேல் ஒரு பழைய தொலைபேசி உண்டு.

11:33

"ஸுல்மிரா, பத்தே முக்கால் ஓட்டு. லெயோபோல்தினோ கட்சி எத்தனை?"

"இருபத்தொண்ணு. ஏன்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"யார் எண்ணினா?"

"யார் எண்ணுவா? கொறடா எழுந்திரிச்சு 'நாங்க இருபத்தொண்ணு, ஆதரவு'ன்னு சொல்லுவாரு. நான் எழுதிக்குவேன். காலையில கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் கணக்குல வருவாங்க. தலையை எண்ண ஆரம்பிச்சா நாங்க எப்ப சாப்பிடறது?"

எத்தெல்வினா ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள், கேட்க விரும்பாததை. "செவ்வாய்க்கிழமை நான் சொன்னதை யாருகிட்டயாவது சொன்னியா?"

"நானா? ஒருத்தர்கிட்டயும் சொல்லல," என்றாள் ஸுல்மிரா, மனம் புண்பட்டவளாக. "காபி வண்டிகிட்ட நின்னவங்ககிட்ட மட்டும்தான்."

காபி வண்டியிடம் நிற்காத உறுப்பினர் அந்த நாடாளுமன்றத்தில் கிடையாது.

ரிசீவரை வைத்துவிட்டு நின்றாள். முக்காலி அங்கேயே கிடந்தது, அதன்மேல் பிரம்புக் கூடை, கூடைமேல் மூடியிருந்த கைத்தறித் தாய்ஸ் துணி. அந்தத் துணியின் சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் என்னவோ உறுத்தியது. அவள்தான் துணியை மூடினாள். எப்போது மூடினாள்?

ஆமாம். 10:52-க்கு. கூடைக்குள்ளே ஒரு போன் அடித்தது. பெரிய சபையில் தலைவி பேசிக்கொண்டிருக்கும்போது இது சேவல் மாதிரி கத்துகிறதே என்று எரிச்சல்பட்டு, தோளில் கிடந்த துணியை எடுத்து அமுக்கினாள். யாருடையது என்று பார்க்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் பார்த்திருப்பாள், பெயரைப் படித்திருப்பாள், மத்தியானத்துக்குள் ஸுல்மிராவுக்கும் சொல்லியிருப்பாள். செவ்வாய்க்கிழமைப் பாவம் நெஞ்சில் கிடந்ததால் இன்றைக்கு நல்லவளாக இருக்கலாம் என்று பார்த்தாள். நல்லவளாக இருக்க அவள் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள்.

துணியை விலக்கினாள். நான்கு போன்கள். சரியான கணக்கு. ஐந்து உறுப்பினரில் எவரிஸ்தோவுக்குப் போன் கிடையாது. காட்டில் ரேடியோ வைத்திருந்தவன்தான் முதலில் செத்தான் என்பார். அதற்கப்புறம் எந்தக் கருவியையும் தொட்டதில்லை.

நான்கு. எப்போதும் நான்குதான்.

அங்கேயே நின்று, 11:05-ஐ மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கதவைத் திறந்துவிட்டுக் கூடையோடு வாசலில் நிற்கிறாள். தலைவி போனில் பேசிக்கொண்டே வந்து, பேச்சை முடித்து அதைக் கூடையில் போடுகிறாள். பிரிஜிடா சிரித்துக்கொண்டே போடுகிறாள். அபீலியோ போடுகிறான். கிழவர் வெறுங்கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போகிறார். காபித் தள்ளுவண்டி வருகிறது, வழி விடுகிறாள். உள்ளே பார்க்கிறாள்: ஐந்து பேரும் உட்கார்ந்தாயிற்று. கூடையைப் பார்க்கிறாள்: நான்கு. கதவைச் சாத்துகிறாள்.

எண்ணிக்கை சரியாக இருந்தது. அதனால்தான் அவள் எதையும் பார்க்கவில்லை.

11:41

அவள் உள்ளே வந்தபோது லெயோபோல்தினோ தலைவியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"மூலம் இல்லைன்னா வாக்குமூலம் விழுந்துடும். வருத்தமான விஷயம்தான், ஆனா விதி விதிதானே அம்மா. நான் ஒரு தனிக் குறிப்பு எழுதி இணைக்கிறேன். அதுக்குப் போன வருஷ அறிக்கை ஒரு பிரதி வேணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டுத் தந்துடுறேன்."

அறையின் பின்பக்கம், கதவுக்குப் பக்கத்தில், மொழிபெயர்ப்பாளர் கூண்டு இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட சின்ன மரப்பெட்டி, அதற்கு ஒரு குட்டிக் கதவு. மூடிய அமர்வுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் வருவதில்லை; எல்லாரும் தெத்தும் மொழியிலேயே பேசிக்கொள்வார்கள். ஆள் வராத இடம் என்பதால் அதன் உள்சுவர் அலமாரியில் எச் குழுவின் போன வருட அறிக்கைகளை அடுக்கியிருந்தார்கள். இருநூறு அச்சடித்ததில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு அங்கேயே இருந்தன. ஒன்று சபாநாயகருக்குப் போயிற்று. இன்னொன்று அபீலியோவின் சேவல் கூண்டுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறது.

"நான் எடுத்துத் தர்றேன் சார்," என்றாள் எத்தெல்வினா.

கூண்டுக்குள் போனாள். எல்லாம் ஒரே அட்டை, ஒரே தடிமன். வலது ஓரத்திலிருந்து ஒன்றை உருவித் தூசி தட்டிக் கொண்டுவந்து நீட்டினாள்.

லெயோபோல்தினோ வாங்கவில்லை. "இது கசங்கியிருக்கு அக்கா. பரவாயில்ல, நானே எடுத்துக்கறேன்."

இன்னொன்று கொண்டுவந்தாள். அட்டை புத்தம் புதிதாக இருந்தது.

"இல்லக்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம். நானே போய்—"

"சிரமம் என்ன சார். நூத்தித் தொண்ணூத்தெட்டும் ஒரே அறிக்கை. எழுதினது நான்தான். நாலாம் பக்கத்துல ஒரு வரி ரெண்டு தடவை வந்திருக்கும், எல்லாத்துலயும் அப்படித்தான். உங்களுக்கு வேண்டியது எதுன்னு சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்."

எவரிஸ்தோ கண்ணைத் திறந்தார். பத்து மாதத்தில் குழு அறையில் அவர் முழுதாகக் கண் திறந்தது அப்போதுதான்.

"என்னக்கா பேசறீங்க," என்றான் லெயோபோல்தினோ.

"அம்மா, நான் சொல்லலாமா?" எத்தெல்வினா தலைவியைப் பார்த்தாள்.

"சொல்லு."

"பத்தே முக்காலுக்கு மணி அடிச்சப்போ நாலு பேரு வெளிய போனாங்க. இவரு போகல. கூண்டுக்குள்ள போய் உக்காந்துட்டாரு. மூடிய அமர்வுல கூண்டு காலியாத்தான் இருக்கும், அதனால நான் பாக்கல. பாக்காம பூட்டினேன். பூட்டினதும் வெளிய வந்து கோப்பைத் திறந்திருக்காரு. இவங்க திரும்பி வந்தப்போ காபி வண்டி சத்தத்துல பின்னாலிருந்து வந்து நாற்காலியில உக்காந்துட்டாரு. சபையில இவரோட ஓட்டு விழுந்தது நிஜம். ஆனா அந்த ஓட்டைப் போட்டது கொறடாவோட வாய், இவர் கை இல்ல."

"இது கதை," என்றான் அவன். "சாட்சி யார்?"

"உங்க போன்."

அவன் முகத்தில் சர்க்கரைப் பாகு உறைந்தது.

"மணி அடிச்சா எல்லாரும் கூடையிலேருந்து போனை எடுத்துட்டுத்தான் ஓடுவீங்க. அம்மா போன்ல பேசிக்கிட்டே திரும்பி வந்தாங்க. பிரிஜிடாம்மா படம் காட்டிக்கிட்டு வந்தாங்க. அபீலியோ சார் என் கண் முன்னாலதான் போட்டாரு. எவரிஸ்தோ ஐயாகிட்ட போனே இல்ல. வந்து விழுந்தது மூணு. ஆனா கூடையில நாலு இருந்துது. ஏன்னா ஒண்ணு வெளிய போகவேயில்ல. வாசலைத் தாண்டினாத்தானே எடுக்க முடியும்? அஞ்சு பேரு, நாலு போன், கணக்கு சரின்னு நானும் கதவைச் சாத்திட்டேன். பத்து அம்பத்திரண்டுக்கு அது அடிச்சுது. நீங்க சபையில ஓட்டுப் போட்டுக்கிட்டிருந்த நேரம்."

"கொண்டு வா," என்றாள் தலைவி.

கூடை வந்தது. தலைவி தொடவில்லை. "நீயே எடுத்துக் காட்டு. காட்டணும்னு கட்டாயம் இல்ல. காட்டலைன்னா அதுவும் குறிப்புல ஏறும்."

அவன் எடுத்தான். திரையில் தவறிய அழைப்பு ஒன்று. நேரம் 10:52. பெயர்: மச்சான்.

"உன் மச்சானுக்கு அரிசிக் கிடங்கு இருக்கில்ல?" எவரிஸ்தோ மெதுவாகக் கேட்டார்.

லெயோபோல்தினோ உட்கார்ந்துவிட்டான். பாகெல்லாம் வடிந்து, மாமியார் வீட்டு வாசலில் நிற்கும் மாப்பிள்ளை மட்டும் மிஞ்சினான்.

"பொண்ணு எடுத்தவன் நான் ஐயா. நம்ம வழக்கத்துல பொண்ணு கொடுத்த வீடுதான் மேல, உங்களுக்குத் தெரியாததா? அவங்க வந்து நின்னு ஒண்ணு கேட்டா, இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் ஏது? தாளை மட்டும் இல்லாம பண்ணுன்னாங்க. அவ்வளவுதான். பேரை நான் படிக்கல. சத்தியமா படிக்கல. மடிச்சுச் சொருகிட்டேன். இடது பக்கம், மூணாவது."

இடது பக்கம் மூன்றாவது பிரதியில், நாற்பதாம் பக்கத்துக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில், பன்னிரண்டாவது தாள் நான்காக மடிந்து கிடந்தது. எச் குழுவின் அறிக்கையை யாரும் திறக்க மாட்டார்கள் என்பதில் அவனுக்கு இருந்த நம்பிக்கை, குழுவுக்கே இல்லாதது.

"படிச்சியோ படிக்கலையோ, எனக்குத் தெரியாது," என்றாள் தலைவி. "நீ கையில வச்சிருந்தேன்னு குறிப்புல ஏறுது. அவளுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் முதல்ல உன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. போனைக் கூடையில போடு." பிறகு எத்தெல்வினா பக்கம் திரும்பினாள். கண்ணாடி இன்னும் மேஜைமேலேயே இருந்தது. "ஒண்ணு மட்டும் பிடிபடல. தாள் கோப்புல இருக்குன்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

லெயோபோல்தினோ வாயைத் திறந்தான். "காபி வண்டியில பேசிக்கிட்டாங்க," என்றான். அவன் எத்தெல்வினாவைப் பார்க்கவில்லை. அது அவன் செய்த ஒரே நல்ல காரியம்.

அங்கேயே விட்டிருக்கலாம். காபி வண்டிக்கு வாய் ஆயிரம். எந்த வாய் என்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பத்தொன்பது வருட வேலை, ஓய்வூதியத்துக்கு ஆறே வருடம்.

"நான்தான்," என்றாள் எத்தெல்வினா. "செவ்வாய்க்கிழமை. ஸுல்மிராகிட்ட. பேரைச் சொல்லல. எங்க இருக்குன்னு சொன்னேன். பெரிய ஆளுன்னு காட்டிக்கணும்னு தோணிச்சு. நீங்க முதல்லயே கேட்டப்போ பாதியைத்தான் சொன்னேன்."

அபீலியோ சோளத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மணியாக, ரொம்ப கவனமாக.

"எழுது," என்றாள் தலைவி கடைசியில். "குறிப்பு எழுதறது உன் வேலை. அதையும் எழுது."

12:26

நான்கு நிமிடத்தில் அமர்வு முடிய வேண்டும். எவரிஸ்தோ கையைத் தூக்கினார்.

"அமர்வை நீட்டிக்கணும்னு நான் தீர்மானம் கொண்டு வர்றேன். சாயங்காலம் வரைக்கும். அதுவரைக்கும் போன் கூடையிலேயே கிடக்கட்டும்."

"எதுக்கு ஐயா?" என்றாள் பிரிஜிடா.

"அந்தப் பொண்ணையும் பிள்ளைங்களையும் கன்னிமாடத்துல கொண்டு சேர்க்க நேரம் வேணாமா? காட்டுல நாங்க இடம் மாறித்தான் பொழைச்சோம்."

இம்முறை தலையை எண்ணினார்கள். நான்கு கைகள் ஆதரவு. ஐந்தாவது கை மேஜைமேலேயே கிடந்தது. வாக்குமூலத்தை அறிக்கையில் சேர்ப்பதும் அதே நான்கு கைகளால் நிறைவேறியது. நாடாளுமன்றச் சமையலறையிலிருந்து ஆளுக்கு இரண்டு கத்துப்பா, ஓலையில் பொதிந்து வேகவைத்த சோறு, வந்தது. லெயோபோல்தினோ ஓலையைப் பிரித்தான், சாப்பிடவில்லை.

எத்தெல்வினா தலைவியின் காரில் பெக்கோராவுக்குப் போனாள்.

மாலை 4:20

கன்னிமாடத்துப் பின்கட்டில் மார்த்தினா ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் கன்னியாஸ்திரீகளின் வாத்துகளைத் துரத்திக்கொண்டிருந்தன. அவள் வலது கைக் கட்டைவிரலில் மையின் நீலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பக்கத்து விரல்களில் சாக்கு ஊசி குத்திய தழும்புகள்.

"எதுக்குக்கா திடீர்னு கிளம்பச் சொன்னீங்க? கார்ல வர்றப்போ ஒண்ணும் சொல்லல."

எத்தெல்வினா பையிலிருந்து குறிப்புத் தாள்களை எடுத்தாள். இரண்டு பக்கம். தலைவி கையெழுத்துப் போட்டாயிற்று. நாளைக்கு இதுவும் கூண்டு அலமாரிக்குப் போகும், மற்றவற்றைப் போலவே யாரும் படிக்காமல் கிடக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கொண்டுவந்திருந்தாள்.

"நீ படிப்பியா?"

"எனக்கு எழுத்து தெரியாதுக்கா. தெரிஞ்சா விரலை எதுக்கு வைக்கிறேன்?"

அப்படியென்றால் தானேதான் படித்தாக வேண்டும். எத்தெல்வினா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். வந்தவர்கள் பெயர், நேரம், மணி அடித்தது, தாள் காணாமல் போனது, கிடைத்தது, உறுப்பினர் ஒருவரின் பெயர். மார்த்தினா வாத்துகளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் பக்கம் பாதியில் எத்தெல்வினாவின் குரல் இறங்கியது.

"'மூலத்தாள் இருக்குமிடத்தைச் செவ்வாய்க்கிழமை காலை வெளியில் சொன்னவர் குழுவின் செயலாளர். தற்பெருமையைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.'" அவசரமாக அடுத்த வரிக்குத் தாவினாள். "'பிற்பகல் பன்னிரண்டு இருபத்தாறுக்கு அமர்வை நீட்டிக்க—'"

"நில்லுங்க," என்றாள் மார்த்தினா.

வாத்து ஒன்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடியது. மார்த்தினா இப்போது வாத்துகளைப் பார்க்கவில்லை.

"செயலாளர்னா நீங்கதானே?"

"நான்தான்."

"அந்த வரியை மறுபடியும் படிங்க," என்றாள். "மெதுவா."